நடை வேகத்தில் ஒரு நீர்வழிப் பயணம்

பயணம் என்றதும் இரயிலும் விமானமும் நம் நினைவுக்கு வருகின்றன. "எவ்வளவு விரைவில் போய்ச் சேரலாம்?" என்பதே நம் முதற்கேள்வி. ஆனால் மணிக்கு 4 மைலுக்கு மேல் போகக் கூடாது என்ற விதியுள்ள பயணம் ஒன்று உண்டு. அதுவே இங்கிலாந்தின் கால்வாய்ப் படகுப் பயணம். மேற்கு இங்கிலாந்தின் எல்ஸ்மியர் என்னும் ஊரிலிருந்து வேல்ஸ் நாட்டின் லாங்கோலன் வரை, எண்ணத்தாலேயே நாமும் போய் வருவோமா?

ஒடுங்கிய படகு

'நாரோபோட்' எனப்படும் இப்படகின் அகலம் ஏறத்தாழ 7 அடி. நீளமோ 70 அடி வரை இருக்கும். ஒடுக்கமான பழைய மதகுகளுக்குள் நுழைவதற்காகவே இந்த வடிவம். பின்புறம் நின்று சுக்கானைப் பிடிக்க வேண்டும். சுக்கான் கட்டையை இடப்புறம் தள்ளினால் படகு வலப்புறம் திரும்பும்!

இது அக்டோபர் மாதம். காலையில் கால்வாய் மீது மூடுபனி படர்ந்திருக்கிறது. மரங்கள் மஞ்சளும் செம்மையுமாக இலைகளை உதிர்க்கின்றன. படகின் அடுப்புப் புகை மெல்ல எழுகிறது. உதிர்ந்த இலைகள் நீருக்கடியில் விசிறியில் சுற்றிக்கொள்ளும். அப்போது சற்றுப் பின்னோக்கி ஓட்டி அவற்றை உதற வேண்டும்.

படகு ஏறும் படிக்கட்டு

நியூ மார்ட்டன் என்னுமிடத்தில் 'லாக்' எனப்படும் இரு மதகுத் தொட்டிகள் உள்ளன. மேட்டு நிலத்திற்குப் படகு ஏறுவது எப்படி? கீழ்க்கதவு வழியாகப் படகு தொட்டிக்குள் நுழைகிறது. கதவை மூடி, மேற்புறத்துச் சிறு பலகையைக் கைப்பிடியால் சுழற்றி உயர்த்துகிறோம். மேலேயுள்ள நீர் தொட்டிக்குள் பாய, படகும் உயர்கிறது. இருபுறமும் நீர்மட்டம் சமமானதும் மேற்கதவு திறக்கிறது. அதற்கு முன் எத்தனை பேர் தள்ளினாலும் அசையாது! இயந்திரம் வேண்டாம், பொறுமை ஒன்றே போதும்.

இழந்த பள்ளிக்கூடம்

அடுத்து, சிர்க் என்னும் ஊர். இங்கு 1801-இல் கட்டிய பாலத்தின் மேல், ஆற்றுக்கு 21 மீட்டர் உயரத்தில் கால்வாய் செல்கிறது. அருகிலேயே அதனினும் உயரமாக, 1848-இல் கட்டிய இரயில் பாலம் நிற்கிறது. கால்வாய்களின் சோகக் கதையை இவ்விரு பாலங்களுமே சொல்கின்றன.

முன்னாளில் ஒரே குதிரை ஏறக்குறைய 25 டன் சரக்குள்ள படகை இழுத்தது. இரயில் வந்தபின் படகுக் கூலி குறைந்தது. ஆள் வைக்கவும் வாடகை கொடுக்கவும் இயலாத படகோட்டிகள் பலர் மனைவி மக்களைப் படகிலேயே குடியேற்றினர். பின்புறத்துப் பத்தடி அறையே அவர்களது வீடு. அதன் கதவுகளில் ரோஜாப் பூக்களையும் கோட்டைகளையும் வரைந்து மகிழ்ந்தனர். சிறுமியர் குதிரை ஓட்டினர்; மதகு திறந்தனர். இன்று ஓரூர், நாளை வேறூர். பள்ளிக்குச் செல்வது எங்ஙனம்?

சிறுவயதில் செங்கற்சூளையில் உழைத்த ஜார்ஜ் ஸ்மித் என்பவர் இவர்களுக்காக வாதாடினார். அதன் பயனாக 1877-இல் சட்டம் பிறந்தது. படகில் எத்தனை பேர் வசிக்கலாம் என்பதற்கு வரையறை வந்தது. ஆயினும் படகு நில்லாதவரை படிப்பு ஏது? எழுத்தறியாமலே வளர்ந்தவர் பலர். காலை மணி அடித்ததும் முகம் சுளிக்கும் நான், இதைப் படித்த அன்று வெட்கப்பட்டேன்.

வானில் ஒரு கால்வாய்

இறுதியில் பொன்ட்கசல்ட்டே பாலம். ஆட்டிடையர் மகனாகப் பிறந்து கல்தச்சராக வளர்ந்த தாமஸ் டெல்ஃபோர்டும், வில்லியம் ஜெஸ்ஸப்பும் 1805-இல் முடித்த அற்புதம் இது. 18 தூண்கள், 307 மீட்டர் நீளம். டீ ஆற்றுக்கு 38 மீட்டர் உயரத்தில் இரும்புத் தொட்டி. ஒருபுறம் நடைபாதையும் கம்பி வேலியும் உண்டு. மறுபுறம் தொட்டியின் விளிம்பைத் தவிர வேறொன்றுமில்லை! 1944-இல் இக்கால்வாயைக் கைவிடச் சட்டம் அனுமதித்தது. நீர் கொண்டுசெல்லும் வழியாகப் பயன்பட்டதால் இது தப்பிப் பிழைத்தது. 2009-இல் யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

தோழியரே! லாங்கோலன் வந்துவிட்டது. இன்று பயணிகள் இளைப்பாறும் இவ்வமைதியான நீர்வழியில், அன்று நம் வயதுச் சிறுமியர் இளைப்பாறவில்லை. அவர்களுக்குக் கிட்டாத கரும்பலகை நம் எதிரே இருக்கிறது. அதன் அருமையை உணர்ந்து கற்போமாக!

— பத்தாம் வகுப்பு மாணவி