தெளிந்த நீரும் வாழும் நீரும்

நுழையும்முன்

கண்ணாடித் தொட்டியில் நீந்தும் வண்ணமீன்கள் இல்லத்திற்கு அழகு சேர்ப்பவை. ஆயினும், புதிய தொட்டியில் விடப்பட்ட மீன்கள் சில நாள்களிலேயே மடிந்துபோவதைப் பலரும் கண்டிருப்பர். கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றும் நீர், உயிர் வாழ்வதற்குரிய நீராக மாறுவதற்குக் காலமும் கவனிப்பும் தேவை. அம்மாற்றத்தின் அறிவியலையும் வரலாற்றையும் செய்முறையையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

மடியும் மீன்களும் மக்களின் நம்பிக்கையும்

சென்னையின் கொளத்தூர், வண்ணமீன் வளர்ப்பிற்கும் விற்பனைக்கும் பெயர்பெற்ற பகுதி. அங்கிருந்தும் பிற கடைகளிலிருந்தும் நெகிழிப் பைகளில் நீரோடு வாங்கிச் செல்லப்படும் மீன்கள் எண்ணற்றவை. வாங்கிய அன்றே தொட்டியைக் கழுவி, கூழாங்கல் பரப்பி, நீர் நிரப்பி, மாலைக்குள் மீன்களை விட்டுவிடுவது பலரது வழக்கம். முதல் இரண்டு நாள்கள் மீன்கள் துள்ளித் திரிகின்றன. அதன்பின் நீரின் மேற்பரப்பிற்கு வந்து வாய்திறந்து திணறுகின்றன, உணவை மறுக்கின்றன, ஒரு வாரத்திற்குள் ஒன்றன்பின் ஒன்றாக மடிகின்றன.

இந்த இறப்பிற்குச் சொல்லப்படும் காரணங்கள் பல. கடைக்காரர் நோயுற்ற மீனைக் கொடுத்துவிட்டார் என்பர் சிலர். இந்த வீட்டிற்கு மீன் ராசி இல்லை என்பர் வேறு சிலர். வீட்டிற்கு வரவிருந்த கேட்டை மீன் தன்மேல் வாங்கிக்கொண்டது என்று ஆறுதல் கொள்வோரும் உண்டு. இறந்த மீனுக்கு நன்றி கூறும் அந்த ஆறுதலில் அன்பு இருக்கிறது. உண்மைக் காரணம் இல்லை. மீனைக் கொன்றது அதன் கழிவிலிருந்தே தோன்றிய நஞ்சு. அந்நஞ்சை முறிக்கும் நுண்ணுயிர்கள் அத்தொட்டியில் இன்னும் குடியேறவில்லை என்பதே முழு விடை.

நீரில் நிகழ்வது என்ன?

மீன் உண்ணும் உணவிலுள்ள புரதம் உடலில் சிதையும்போது அம்மோனியா உண்டாகிறது. நிலவாழ் விலங்குகள் அதனை யூரியா போன்ற பொருளாக மாற்றி வெளியேற்றுகின்றன. நன்னீர் மீன்களோ பெரும்பகுதியைச் செவுள்களின் வழியே அம்மோனியாவாகவே நீரில் விட்டுவிடுகின்றன. உண்ணாமல் எஞ்சி அழுகும் உணவும் அம்மோனியாவைத் தருகிறது. ஆற்றிலும் குளத்திலும் இக்கழிவு பெருநீரில் கலந்து கரைந்துவிடும். 50 லிட்டர் தொட்டியில் அது போவதற்கு வழியில்லை. தான் சுவாசிக்கும் நீரையே மீன் நாள்தோறும் நஞ்சாக்கிக்கொண்டிருக்கிறது.

அம்மோனியா நீரில் இரு வடிவங்களில் இருக்கும். ஒன்று, நச்சுத்தன்மை குறைந்த அம்மோனியம் அயனி. மற்றொன்று, செவுளைத் தாக்கும் தனி அம்மோனியா. இவ்விரண்டின் விகிதத்தை நீரின் பி.எச். மதிப்பும் வெப்பநிலையும் முடிவு செய்கின்றன. 25 பாகை செல்சியசில் பி.எச். 7 எனில், மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்கிற்கும் குறைவாகவே நச்சு வடிவம் இருக்கும். பி.எச். 8 ஆகும்போது அது நூற்றில் ஏறத்தாழ ஐந்து பங்காகிறது. 9 ஆகும்போது மூன்றில் ஒரு பங்கையும் தாண்டுகிறது. ஒரே அளவு கழிவு ஒரு வீட்டில் மீனைக் கொல்வதும் மற்றொரு வீட்டில் கொல்லாதிருப்பதும் ராசியால் அன்று. நீரின் காரத்தன்மையால் என்பது இதனால் விளங்கும்.

இந்த அம்மோனியாவையே உணவாகக் கொள்ளும் நுண்ணுயிர்கள் இயற்கையில் உள்ளன. அவற்றுள் ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. நைட்ரைட்டும் நஞ்சே. அது மீனின் குருதியில் உள்ள ஹீமோகுளோபினை மாற்றி, ஆக்சிஜனை ஏந்தும் ஆற்றலை அழிக்கிறது. குருதி பழுப்பு நிறம் அடைகிறது. நீரில் ஆக்சிஜன் நிறைந்திருந்தும் மீன் மூச்சுத்திணறி மடிகிறது. இரண்டாம் கூட்டம் அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரேட்டின் நச்சுத்தன்மை மிகக் குறைவு. நீர்த்தாவரங்கள் அதனை உரமாகக் கொள்ளும். எஞ்சியதைப் பகுதி நீர் மாற்றத்தால் அகற்றலாம். இவ்விரு படிகளும் சேர்ந்ததே நைட்ரேட்டாதல். இந்நுண்ணுயிர்கள் போதிய அளவில் பெருகும்வரை மீன் விடாமல் காத்திருந்து தொட்டியை ஆயத்தம் செய்வதே தொட்டியைப் பக்குவப்படுத்துதல் எனப்படும்.

தந்தையும் மகனும்

இவ்வறிவு ஒரே நாளில் கிட்டியதன்று. இலண்டனைச் சேர்ந்த வேதியியலாளர் இராபர்ட் வாரிங்டன் 1849ஆம் ஆண்டில் ஒரு கண்ணாடிக் கலத்தில் இரண்டு பொன்மீன்களையும் வாலிஸ்னேரியா என்னும் நீர்த்தாவரத்தையும் வைத்தார். அழுகிய இலைகளால் நீர் கலங்கியபோது குளத்து நத்தைகளைச் சேர்த்தார், அவை அழுகலை உண்டன, நீர் தெளிந்தது. விலங்கும் தாவரமும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் இச்சமநிலையை 1850இல் அவர் வெளியிட்டார். 1853இல் இலண்டன் விலங்கியல் பூங்காவில் பொதுமக்களுக்கான மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. எனினும், அந்தத் தொட்டிகளுக்குள் உழைத்த நுண்ணுயிர்களை அக்காலத்தில் எவரும் அறிந்திருக்கவில்லை.

1877இல் பிரெஞ்சு அறிஞர்கள் சுலோசிங், முன்ட்சு இருவரும் மணலும் சுண்ணாம்புக் கல்லும் நிரப்பிய நீண்ட குழாயின் வழியே கழிவுநீரை மெல்ல வடியச் செய்தனர். ஏறத்தாழ 20 நாள்கள்வரை அம்மோனியாவில் மாற்றம் இல்லை. அதன்பின் அம்மோனியா மறைந்து நைட்ரேட் தோன்றியது. குளோரோபார்ம் ஆவியைச் செலுத்தியதும் அம்மாற்றம் நின்றது. சிறிது மண் கரைத்த நீரை ஊற்றியதும் மீண்டும் தொடங்கியது. வெறும் வேதிவினை மயக்க ஆவிக்குக் கட்டுப்பட்டு நிற்காது. எனவே, இது உயிர்களின் செயல் என்று அவர்கள் தெளிந்தனர்.

இச்செய்தியை இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் தொடர்ந்து ஆராய்ந்தவர், மீன்தொட்டி அமைத்த வாரிங்டனின் மகன். அவர் பெயரும் இராபர்ட் வாரிங்டனே. அம்மோனியாவை நைட்ரைட்டாக்குவது ஒருவகை உயிர், நைட்ரைட்டை நைட்ரேட்டாக்குவது வேறொருவகை உயிர் என்பதை அவர் காட்டினார். தந்தையின் கலத்தில் பொன்மீன்கள் பிழைத்திருந்ததற்கான மறைபொருளை, வயல்மண்ணை ஆராய்ந்த மகனின் ஆய்வு விளக்கியது. அந்நுண்ணுயிர்களைத் தனியே பிரித்து வளர்த்த பெருமை 1890ஐ ஒட்டிய ஆண்டுகளில் உருசிய அறிஞர் செர்கேய் வினோகிராட்ஸ்கியைச் சேர்ந்தது.

ஆய்வு அத்துடன் முடியவில்லை. நன்னீர்த் தொட்டிகளில் இரண்டாம் படியைச் செய்வது நைட்ரோபாக்டர் என்றே நெடுங்காலம் நூல்கள் கூறிவந்தன. 1998இல் வெளியான ஆய்வு, அப்பணியை நைட்ரோஸ்பைரா இனமே செய்வதாகக் காட்டியது. இரு படிகளையும் ஒன்றாகவே செய்து முடிக்கும் நைட்ரோஸ்பைரா வகைகள் உண்டு என்பதை 2015இல் இரு ஆய்வுக்குழுக்கள் அறிவித்தன. அவற்றுள் ஒரு குழு அவ்வுயிரைக் கண்டெடுத்த இடம், மீன்வளர்ப்பு நீரைத் தூய்மையாக்கும் வடிகட்டி.

தெரிந்து தெளிவோம்

பாலைத் தயிராக்க முந்திய நாள் தயிரைச் சிறிதளவு பிரையாக ஊற்றுவது தமிழர் இல்லங்களின் நாள்வழக்கம். தொட்டியைப் பக்குவப்படுத்தும்போதும் இதே முறை உதவும். நன்கு பக்குவப்பட்ட, நோயற்ற பழைய தொட்டியின் வடிகட்டிப் பஞ்சைப் புதிய தொட்டியில் இட்டால் அதுவே பிரையாகிறது. ஒரே வேறுபாடு: தயிரின் நுண்ணுயிர்கள் ஓர் இரவில் பெருகிவிடும். நைட்ரேட்டாதல் நுண்ணுயிர்கள் ஒருமுறை இரட்டிப்பதற்கே பல மணி நேரம் எடுத்துக்கொள்ளும்.

பக்குவப்படுத்தும் முறை

முதலில் தொட்டியில் மணலோ கூழாங்கல்லோ பரப்பி நீர் நிரப்ப வேண்டும். குழாய் நீரில் கிருமிகளைக் கொல்லக் கலக்கப்படும் குளோரின், நன்மை செய்யும் நுண்ணுயிர்களையும் கொல்லும். நீரை அகன்ற கலத்தில் ஒரு நாள் காற்றாட வைத்தோ, சோடியம் தயோசல்பேட் கரைசலை உரிய அளவில் இட்டோ குளோரினை நீக்கலாம். நீரில் குளோரமின் கலந்திருந்தால் காற்றாட வைப்பது மட்டும் போதாது.

வடிகட்டியும் காற்றேற்றியும் இரவு பகலாக இயங்க வேண்டும். இந்நுண்ணுயிர்கள் நீரில் மிதந்து திரிபவை அல்ல. பஞ்சிலும் கல்லிலும் மெல்லிய படலமாக ஒட்டி வாழ்பவை. ஆகவே, பழைய தொட்டியின் நீரைக் கொண்டுவந்து ஊற்றுவதால் பெரும்பயன் இல்லை. அவற்றிற்கு ஆக்சிஜன் மிகுதியாகத் தேவை. 25 முதல் 30 பாகை செல்சியஸ் வெப்பம் அவற்றின் வளர்ச்சிக்கு ஏற்றது. தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் இதற்கெனத் தனி வெப்பமூட்டி தேவைப்படுவதில்லை. நீரின் பி.எச். 6க்கும் கீழே இறங்கினால் அவற்றின் செயல் பெரிதும் தளரும்.

அடுத்து, அவற்றிற்கு உணவு வேண்டும். மீன் இல்லாத தொட்டியில் அம்மோனியாவை நாமே அளிக்க வேண்டும். லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்னும் அளவு போதுமானது. 50 லிட்டர் நீருக்குத் தூய அம்மோனியம் குளோரைடு ஏறத்தாழ 0.3 கிராம் இட்டால் இவ்வளவு கிடைக்கும். அது கிடைக்காதபோது மீன் உணவை நாள்தோறும் ஒரு சிட்டிகை இட்டு அழுகவிடலாம். தொடக்க நாள்களில் நீர் பால்போல் கலங்கக்கூடும். அது வேறுவகை நுண்ணுயிர்களின் பெருக்கம், தானே தெளியும்.

இரண்டு நாள்களுக்கு ஒருமுறை, சோதனைக் கருவியால் அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் மூன்றையும் அளந்து குறித்துவர வேண்டும். முதலில் அம்மோனியா குறையாது நிற்கும். பின்னர் அது குறையத் தொடங்க, நைட்ரைட் ஏறும். அம்மோனியா தீர்ந்துவரும் போதெல்லாம் மீண்டும் சிறிது இட வேண்டும். பலர் அவசரப்படும் இடம் இதுவே. அம்மோனியா இல்லை என்றதும் பணி முடிந்ததாகக் கருதி மீனை விட்டுவிடுவர். உச்சத்தில் நிற்கும் நைட்ரைட் அம்மீனைக் கொன்றுவிடும். மேலும் சில நாள்கள் பொறுத்தால் நைட்ரைட் இறங்கி நைட்ரேட் உயர்வதைக் காணலாம். பிரை இடாத தொட்டியில் இவை அனைத்தும் நிகழப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும்.

இறுதியாக ஒரு தேர்வு உண்டு. லிட்டருக்கு 2 மில்லிகிராம் அம்மோனியாவை இட்டு, 24 மணி நேரம் கழித்து அளக்க வேண்டும். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் சுழியம் எனக் காட்டினால் தொட்டி பக்குவமடைந்துவிட்டது. அப்போது நீரில் பெரும்பகுதியை மாற்றி, நைட்ரேட்டைக் குறைத்து, சில மீன்களை மட்டும் விடலாம்.

பெற்றதைக் காத்தல்

பக்குவப்பட்ட தொட்டியும் கவனக்குறைவால் கெடும். வடிகட்டிப் பஞ்சைக் குழாய் நீரில் பளிச்சென்று கழுவினால், வாரக்கணக்கில் வளர்ந்த நுண்ணுயிர்ப் படலம் சில நிமிடங்களில் அழிந்துபோகும். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அதனை மெல்ல அலச வேண்டும். மின்தடை பல மணி நேரம் நீடித்தால் மூடிய வடிகட்டிக்குள் ஆக்சிஜன் தீர்ந்து நுண்ணுயிர்கள் மடியும். ஆகவே, மின்தடை நீங்கியபின் சில நாள்கள் நீரைச் சோதித்து, உணவைக் குறைப்பது நன்று.

அறியாமல் மீனை முன்னரே விட்டுவிட்டவர்களும் மனம் தளர வேண்டியதில்லை. உணவைக் குறைத்து, குளோரின் நீக்கிய நீரால் நாள்தோறும் பகுதி நீரை மாற்றி, பழைய தொட்டியின் பஞ்சைப் பெற்று இட்டால் பல மீன்களைக் காப்பாற்றலாம். நைட்ரைட் மிகுந்திருக்கும்போது சிறிதளவு உப்பு இடுவது பயன் தரும். உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள்வழி உட்புகுவதைத் தடுக்கும்.

தொட்டிக்கு வெளியே

மீன்தொட்டியில் உழைக்கும் இதே வகை நுண்ணுயிர்கள் வயல்மண்ணிலும் ஏரியிலும் ஆற்றிலும் நகரத்துக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களிலும் இடையறாது உழைக்கின்றன. அவற்றின் உழைப்பிற்கு ஓர் எல்லை உண்டு. பத்து மீனுக்குரிய தொட்டியில் ஐம்பது மீன்களை அடைத்தால் நேர்வது, சிற்றேரி ஒன்றில் ஊரின் சாக்கடை முழுவதும் கலக்கும்போதும் நேர்கிறது. ஆக்சிஜன் தீர்கிறது, அம்மோனியா பெருகுகிறது, மீன்கள் கூட்டமாகச் செத்து மிதக்கின்றன. ஏரிக்கு நீரை மாற்றிவிடும் வசதி எவரிடமும் இல்லை.

பதறாத காரியம் சிதறாது என்பது பழமொழி. வெறுந்தொட்டியை ஆறு வாரம் பார்த்துக்கொண்டிருப்பது எளிதன்று. நாள்தோறும் அளந்து எழுதிய எண்கள் மாறுவதைக் காணும் மாணவருக்கு அந்தக் காத்திருப்பே ஒரு கல்வி. கண்ணால் காண இயலாத உயிர்களின் வேலையை எண்களின் வழியே காணும் பயிற்சி அது. அப்பயிற்சி பெற்றவர், ஊர் ஏரியின் நீர் தெளிவாக இருக்கிறதா என்பதோடு நில்லாமல், அதில் உயிர் வாழ முடியுமா என்றும் கேட்பார்.

கற்பவை கற்றபின்

1. அம்மோனியா சுழியம் ஆனவுடன் மீனை விடுவது ஏன் தவறு? நைட்ரைட் குருதியில் செய்யும் மாற்றத்தைக் கொண்டு விளக்குக.

2. சுலோசிங், முன்ட்சு ஆகியோரின் குழாய்ச் சோதனைக்கும் மீன்தொட்டியைப் பக்குவப்படுத்துதலுக்கும் உள்ள ஒற்றுமைகளைப் பட்டியலிடுக.

3. உங்கள் ஊரின் ஏரி அல்லது குளத்தில் கழிவு கலக்கும் இடங்களைக் கண்டறிந்து, 'நீர் தாங்கும் எல்லை' என்னும் தலைப்பில் ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதி வகுப்பறையில் கலந்துரையாடுக.