பழைய ஹெரால்டு காருக்கு எந்தப் பொருளால் மேற்கூடு?

சென்ற மாதம் நெசவாளர் சங்கம் ஒன்றுக்கு ஆய்வின் பொருட்டுச் சென்றிருந்தேன். பேரேடுகளைப் பார்த்து முடித்து எழும் வேளையில் அங்கத்தினர் ஒருவருடைய மகன் என்னை அணுகினார். இயந்திரத் தொழிலில் டிப்ளமா பெற்றவர். அவருடைய பாட்டனார் வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் வீட்டுக் கொட்டகையில் துருவேறிக் கிடக்கிறது. அதனைத் திறந்த கூரையுடைய ஸ்போர்ட்ஸ் காரின் சாயலில் மாற்றியமைக்க விரும்புகிறார். மேற்கூட்டை எஃகுத் தகட்டால் செய்வதா, அலுமினியத்தாலா, கண்ணாடி இழையாலா என்பது அவருடைய ஐயம். "நம் தறியில் நெய்த துணியையோ வாழை நாரையோ பிசினில் தோய்த்துச் செய்தால் என்ன? சங்கமே இதற்கென ஒரு பிரிவு தொடங்கலாமே!" என்றும் கேட்டார். நிர்வாகக் குழுவினர் இருவர், உடனே பணம் ஒதுக்கிவிடலாம் என்ற மனநிலையில் இருந்தனர். பங்குப் பணம் பலருடையது. ஆகவே அன்று சுருக்கமாகச் சொன்ன விடையை ஈண்டு விரித்து எழுதுகிறேன்.

முதலில் வண்டியின் அமைப்பை நோக்குவோம். இன்று ஓடும் கார்களில் பெரும்பாலானவற்றுக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது. மேற்கூடே எலும்பாகவும் தோலாகவும் நின்று பாரம் தாங்குகிறது. அத்தகைய வண்டியில் பாரம் தாங்கும் ஒரு தகட்டை நீக்கி வேறு பொருளை வைப்பது ஆபத்தான காரியம். ஹெரால்டு அவ்வாறன்று. அதற்குத் தனிச் சேஸிஸ் உண்டு. பானெட், கதவு, கூரை, பின்பகுதி ஆகியவை அதன்மேல் போல்ட்டுகளால் பூட்டப்பட்டவை. இதற்கு ஒரு வியாபார வரலாறும் உண்டு. இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு நிறுவனத்துக்கு மேற்கூடு செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்டு லட்லோ என்ற தொழிற்சாலையை 1953இல் போட்டி நிறுவனமான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழுக் கூட்டையும் ஓரிடத்தில் அடித்துத் தர ஆளில்லாமற் போகவே, பல இடங்களில் பகுதி பகுதியாகச் செய்து பூட்டத்தக்க அமைப்பை மேற்கொண்டனர். இத்தாலியரான மிக்கலோட்டி அதற்கு உருவம் வரைந்தார். 1959இல் ஹெரால்டு அங்கே வெளிவந்தது. இந்தியாவில் 1961 முதல் சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் அதனைச் செய்தது. நூல் முழுவதையும் ஒரே வியாபாரியிடம் வாங்கும் சங்கங்கள் இவ்வரலாற்றைச் சற்றுக் கருதிப் பார்க்கலாம்.

இதே சேஸிஸைக் குறுக்கி 1962இல் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்னும் ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தனர். 1963இல் பாண்டு என்ற சிறு நிறுவனம், ஹெரால்டின் எஃகுக் கதவுகளை அப்படியே வைத்துக்கொண்டு, மற்றப் பகுதிகள் பலவற்றைக் கண்ணாடி இழையால் வார்த்து எக்விப் என்ற வண்டியை விற்றது. கதவு செய்யும் வேலையை நோக்குவோம். கதவு ஒரு நாளில் பல முறை அடைபடுவது. கீலிலும் பூட்டிலும் இழுபடுவது. பக்கவாட்டில் மோதல் நேர்ந்தால் ஆளுக்கும் எதிர்வரும் வண்டிக்கும் இடையே நிற்பது. பானெட்டுக்கு அவ்வளவு வேலை இல்லை. ஒரு காருக்கு ஒரே பொருள் என்று முடிவு கட்ட வேண்டியதில்லை என்பதும், ஒவ்வோர் உறுப்பும் செய்யும் வேலையைப் பார்த்தே பொருளைத் தேர வேண்டும் என்பதும் இதனால் விளங்கும்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். 0.9 மில்லிமீட்டர் எஃகுத் தகடு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 7 கிலோ எடை நிற்கும். அலுமினியத்தின் அடர்த்தி எஃகில் மூன்றில் ஒரு பங்கு. அதன் விறைப்பும் மூன்றில் ஒரு பங்கே. ஆயினும் ஒரு தகட்டின் வளையாத் தன்மை அதன் கனத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்து உயர்வதால், கனத்தை 1.3 மில்லிமீட்டர் ஆக்கினாலே எஃகுக்கு ஈடாகிவிடும். எடை 3½ கிலோதான். கண்ணாடி இழைப் பாயும் பாலியெஸ்டர் பிசினும் சேர்ந்த பலகையை 3 மில்லிமீட்டர் கனத்தில் வார்த்தால் அதே விறைப்பு 4½ கிலோவில் கிடைக்கும். அலுமினியமே எல்லாவற்றிலும் இலேசானது என்பது உண்மை. எனினும் எடை ஒன்றை மட்டும் பார்த்து விலை பேசலாகாது.

நம் மாவட்டத்தில் கடற்காற்று உண்டு. இருபருவ மழையும் உண்டு. எஃகு துருப்பிடிக்கும் என்பதை யாரும் சொல்லத் தேவையில்லை. ஆனால் நெளிந்த எஃகை டிங்கரிங் வேலைக்காரர் அன்றைக்கே தட்டி நிமிர்த்தித் தருவார். அத்தகைய பட்டறை இல்லாத ஊர் இல்லை. அலுமினியம் அடிக்க அடிக்க இறுகும். விரிந்துவிட்டால் சுருக்குவது கடினம். அதனை வெல்டிங் செய்யும் கைத்திறன் அரிது. மேலும் எஃகுச் சேஸிஸின்மீது அலுமினியத்தை நேராகப் பூட்டி உப்பீரம் பட்டால், இரண்டு உலோகங்களும் சேர்ந்து ஒரு மின்கலம்போல் ஆகி அலுமினியம் வெண்பொடியாக அரிக்கப்படும். இடையே ரப்பரோ பிளாஸ்டிக் வாஷரோ வைத்தே பூட்ட வேண்டும். கண்ணாடி இழைக்கு அரிப்பு இல்லை. முட்டத்திலும் குளச்சலிலும் ஃபைபர் வள்ளங்களைப் பழுதுபார்ப்போர் இருத்தலால், உடைந்த பானெட்டைக் கொண்டுபோய்க் காட்ட ஆள் உண்டு. அமெரிக்காவின் செவ்ரலே கார்வெட் 1953இல் கண்ணாடி இழை மேற்கூட்டுடன் வந்தது. அவ்வாண்டு செய்தவை 300 வண்டிகளே. சில நூறு வண்டிகளுக்காக எஃகு அச்சுகள் செய்து கட்டுப்படியாகாது. ஒரே ஒரு வண்டி செய்வோருக்கு இக்காரணம் இன்னும் மிகுதியாகப் பொருந்தும்.

கண்ணாடி இழை நெசவாளருக்கு அந்நியமான பொருளன்று. பாயாக ஒட்டியும் வரும். பாவும் ஊடையுமாக நெய்தும் வரும். நெய்த துணியால் செய்த பலகை பாவின் திசையிலும் ஊடையின் திசையிலும் வலுவுள்ளது; குறுக்குச் சாய்வில் இழுத்தால் நெகிழும். ஆகையால் ஒரு படிவை நேராகவும் அடுத்ததைச் சாய்த்தும் அடுக்குவர். மட்கார்டு போன்ற வளைவுகளில் சாதா நெசவு சுருங்கி மடிப்பு விழும். சாய்கோட்டு நெசவு படிந்து கொடுக்கும். நூல் மேலும் கீழுமாக வளைந்து செல்லும் இடந்தோறும் விறைப்பு குறையும் என்பதால், நூல்களை வளைக்காமல் படுக்க வைத்து மெல்லிய தையலால் பிணைத்த துணிகளும் இப்பொழுது வருகின்றன. அன்று எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த முதிய நெசவாளர் ஒருவர், "சார், கஞ்சி நூலைத் தாங்குமே தவிர, நூலுக்குப் பதிலா நிக்காது" என்றார். பிசினைப் பற்றி இதைவிடத் தெளிவாகப் பொறியியல் நூலும் சொல்லிவிடாது. பாயானால் இழை 1 பங்குக்குப் பிசின் 2 முதல் 2½ பங்கு எடை, நெய்த துணியானால் சரிபாதி. பிசினை மிகுதியாக ஊற்றினால் எடை கூடி, பலகை வெடிக்கும்.

இவ்வேலையில் அபாயமும் உண்டு. பிசினை இறுகச் செய்யும் பெராக்சைடு கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். அதனைக் கோபால்ட் கரைசலோடு நேராகக் கலந்தால் வெடிக்கும். இரண்டையும் ஒரே அலமாரியில் வைத்தலும் கூடாது. நம் வெயிலில் கலவை சில நிமிஷங்களில் இறுகிவிடுமாதலால் சிறிது சிறிதாகவே கலக்க வேண்டும். தேய்க்கும்போது எழும் தூசுக்கு முகமூடி கட்டாயம். தறிக்கூடத்தின் ஓரத்தில் இதை நடத்தலாம் என்று எண்ணுவோர் அவ்வெண்ணத்தை இப்பொழுதே விட்டுவிடுவது நல்லது.

இனி நம் நாரும் நூலும். இது வீண் கனவு என்று நான் சொல்லமாட்டேன். கிழக்கு ஜெர்மனியில் எஃகுப் பஞ்சம் நேர்ந்தபோது, கழிவுப் பஞ்சையும் ஃபீனால் பிசினையும் சேர்த்து அழுத்திய பலகையால் டிராபன்ட் காரின் மேற்தோலைச் செய்தனர். 1957 முதல் 1991 வரை ஏறக்குறைய 30 இலட்சம் வண்டிகள் வந்தன. பலகை துருப்பிடிக்கவில்லை, அதன் உள்ளிருந்த எஃகுச் சட்டந்தான் துருப்பிடித்தது. வாழையினத்தைச் சேர்ந்த அபாகா நாரை மெர்சிடிஸ் நிறுவனம் தன் ஏ கிளாஸ் காரில், வண்டியின் அடியிலுள்ள உபரிச் சக்கரக் குழியின் மூடிக்கு உபயோகித்தது. 2019இல் போர்ஷ நிறுவனம் கேமன் பந்தய வண்டியின் கதவுகளையும் பின்சிறகையும் ஆளி, சணல் வகை நார்களால் செய்து காட்டியது.

ஆனால் இவற்றுள் எதுவும் தறியிலிருந்து இறக்கிய வேட்டித் துணியன்று. கைத்தறி நூல் முறுக்கேறியது. அம்முறுக்கு இல்லையேல் பாவில் நிற்காது. அதே முறுக்கு பிசின் உள்ளே புகுவதைத் தடுக்கும். இழைகளைத் திசை மாற்றி விறைப்பையும் குறைக்கும். ஆகவே முறுக்குக் குறைந்த நாரை வேறு முறையில் நெய்ய வேண்டியிருக்கும். தென்னை நாரோ நன்றாக நீளும். ஆனால் விறைப்பில் ஆளி நாரில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. அதனைப் பானெட்டில் வைப்பது அதன் குணத்தை அறியாமை. ரப்பர்ப் பாலில் தோய்த்து இருக்கை மெத்தையாக்கினால் அதே நீளுந்தன்மை சிறப்பாகிறது. ஈத்தாமொழித் தென்னையும் குலசேகரம் ரப்பரும் ஒரு மாவட்டத்திலேயே கிடைக்கும்போது இதனைப் பற்றி யாரும் கேட்காதது எனக்கு வியப்பே. எந்தத் தாவர நாருக்கும் பொதுவான குறை ஒன்றுண்டு: வெட்டிய விளிம்பு வழியே ஈரத்தைக் குடித்து உப்பும், உப்பிய நார் பிசினைவிட்டுப் பிரியும்.

சட்டத்தையும் மறத்தலாகாது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றினின்று வேறுபடுமாறு வண்டியை மாற்றியமைத்தல் கூடாது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கில் 2019இல் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தியது. அன்றியும், 50 ஆண்டு கடந்த வண்டிகளைத் தொன்மை வண்டியாகப் பதிய 2021இல் விதி வந்துள்ளது. சேஸிஸ், மேற்கூடு, எஞ்சின் ஆகியவை பெருமாற்றமின்றி மூல வடிவில் இருந்தால்தான் அப்பதிவு கிட்டும். ஹெரால்டின் கூரையை அறுத்தபின் இந்த உரிமை திரும்பி வாராது. வட்டாரப் போக்குவரத்து அலுவலரை எழுத்து மூலம் கேட்டு விடை பெறுவதற்கு முன் ரம்பத்தைக் கையில் எடுக்கலாகாது.

அவ்விளைஞருக்கு என் கருத்து இது: கதவுகளும் கூரையும் எஃகாகவே இருக்கட்டும், துருவை வெட்டி ஒட்டுப்போடட்டும். அனுமதி கிடைத்தால் பானெட்டை மட்டும் பழைய பானெட்டிலிருந்தே அச்செடுத்துக் கண்ணாடி இழையால் வார்க்கலாம். அட்டைக் குழல்களை வைத்து அவற்றின்மேல் இழை போர்த்தி உட்புறம் விலா எலும்புபோல் அமைக்காவிடில் ஓட்டத்தில் துடிக்கும். பழைய பானெட்டை எறியாமல் பரண்மேல் வைக்க வேண்டும்.

சங்கத்துக்கு ஒரு சோதனை போதும். வாழை நார், முறுக்குக் குறைந்த பருத்தி, கண்ணாடி இழை மூன்றிலும் ஓரடிச் சதுரமாக மும்மூன்று பலகை வார்த்து நிறுத்துக் குறித்துக்கொள்க. ஒன்று வீட்டுக்குள், ஒன்று மொட்டை மாடியில், ஒன்று கடல்நீர் வாளியில் இருக்கட்டும். இடவப்பாதி மழையும் ஐப்பசி மழையும் கழிந்தபின் மீண்டும் நிறுத்து, இரு செங்கற்களின்மேல் கிடத்தி, நடுவில் எடைக்கல் வைத்து எவ்வளவு தொய்கிறது என அளந்து எழுதுக. இதற்குச் சில ஆயிரம் ரூபாயே ஆகும். பிரிவு தொடங்கும் தீர்மானம், அக்குறிப்பேட்டோடு அடுத்த பொதுக்குழுவுக்கு வரட்டும்.