பாளையம் பேராலயமும் கடற்கரை மக்களும்

திருவனந்தபுரம் கேரளத்தின் தலைநகரம். நாகர்கோவிலிலிருந்து ரயிலில் போனால் சுமார் 70 கிலோமீட்டர் தூரம். 1956 நவம்பர் 1-ஆம் தேதி வரை குமரி மாவட்டமும் திருவனந்தபுரத்தின் ஆட்சியில்தான் இருந்தது. அதனால் இன்றும் தமிழ் பேசுகிறவர்கள் அங்கே பலர் உண்டு.

திருவனந்தபுரம் கடலோர நகரம். மேற்கே அரபிக்கடல் இருக்கிறது. கரை நெடுக மீனவர் ஊர்கள் உள்ளன. பொழியூர், பூவார், விழிஞ்ஞம், பூந்துறை, வலியதுறை, வெட்டுக்காடு, தும்பா, அஞ்சுதெங்கு என்று அவை வரிசையாக வரும். நகரத்தின் நடுவே, பாளையம் என்ற இடத்தில், ஓர் உயர்ந்த கோபுரம் தெரியும். அதுதான் புனித சூசையப்பர் பேராலயம். கடற்கரை மக்களுக்கும் இந்தக் கோயிலுக்கும் நெருங்கிய உறவு உண்டு.

ஒரே இடத்தில் மூன்று

பாளையம் என்றால் படை தங்கும் இடம். திருவிதாங்கூர் அரசரின் படைவீரர்கள் முன்பு இங்கே தங்கியிருந்தார்கள். அதனால் இந்தப் பெயர் வந்தது.

இங்கே பேராலயத்துக்கு எதிரே பள்ளிவாசல் இருக்கிறது. படைவீரர்கள் தொழுத இடம் என்பதால் அதைப் 'பட்டாளப் பள்ளி' என்றும் சொன்னார்கள். அது புதுப்பிக்கப்பட்ட பிறகு, 1967-இல் குடியரசுத் தலைவர் ஜாகிர் உசேன் திறந்து வைத்தார். பள்ளிவாசலை அடுத்துப் பிள்ளையார் கோயில் இருக்கிறது. ஒருவர் நாலு எட்டு நடந்தால் மூன்றையும் பார்த்துவிடலாம்.

இங்கே வழி கேட்கும் தமிழர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். தமிழில் பள்ளி என்றால் பிள்ளைகள் படிக்கும் இடம். மலையாளத்தில் பள்ளி என்றால் கிறிஸ்தவக் கோயில். பள்ளிவாசலுக்கும் அதே சொல்தான். பிள்ளைகள் படிக்கும் இடத்தை அங்கே 'ஸ்கூள்' என்பார்கள்.

கூர்மையான வளைவு

பேராலயம் 1873-இல் கட்டப்பட்டது. முன்னால் உள்ள மணிக்கோபுரம் 1912-இல் எழுந்தது. இது கோதிக் என்ற முறையில் அமைந்த கட்டடம்.

குமரிக் கடற்கரையிலிருந்து வந்த ஒரு பாட்டியும் பேத்தியும் கோயில் முற்றத்தில் நின்றார்கள். பாட்டி வாசலை அண்ணாந்து பார்த்தார்.

"ஏன் மக்கா, இந்த வளைவு மேலே கூரா இருக்கு? நம்ம ஊர்க் கோயில்ல வளைவு உருண்டையால்லா இருக்கு?"

"பாட்டி, ரெண்டு கையையும் சேர்த்துக் கும்பிடுங்க. விரல் நுனி மேலே கூரா நிக்குதுல்லா? அந்த மாதிரிதான். கூரா வளைச்சா மேலே உள்ள பாரம் கீழே இறங்கிரும். பக்கத்துச் சுவரை அவ்வளவா தள்ளாது. அதனால சுவரை உயரமா கட்டலாம். பெரிய ஜன்னல் வைக்கலாம். உள்ளே வெளிச்சம் வரும்."

பாட்டி கைகளைக் கூப்பிப் பார்த்தார். "இது நல்ல கணக்குதான்" என்றார்.

பேத்தி சொன்னது சரி. 12-ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டில் இந்த முறை தோன்றியது. பிறகு இத்தாலியில் வேறொரு முறை வந்தது. அதற்கு மறுமலர்ச்சிக் காலக் கட்டடக்கலை என்று பெயர். அதில் வளைவு அரை வட்டமாக இருக்கும். உருண்டையான கூரையும், இரு பக்கமும் ஒத்த அளவும் இருக்கும்.

இரண்டு முறையும் கலந்த கோயில்களும் உண்டு. குரோவேசியா நாட்டில் ஷிபெனிக் என்ற கடலோர ஊர் இருக்கிறது. அங்குள்ள பேராலயத்தை 1431-இல் கட்டத் தொடங்கினார்கள். 1535-இல்தான் முடித்தார்கள். தொடங்கியது கோதிக் முறையில். முடித்தது மறுமலர்ச்சி முறையில். கூரைகூட முழுக்கக் கல்தான். அதன் வெளிச்சுவரில் எழுபதுக்கும் மேற்பட்ட மனித முகங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். அவை அந்தக் காலத்துச் சாதாரண மக்களின் முகங்கள்.

கடற்கரையின் தாய்க்கோயில்

பாளையம் கோயிலில் அப்படி முகங்கள் இல்லை. ஆனால் இந்தக் கோயிலுக்குப் பின்னாலும் மக்கள் இருக்கிறார்கள்.

1544-இல் பிரான்சிஸ் சவேரியார் திருவிதாங்கூர் கடற்கரைக்கு வந்தார். கரையோர மீனவர்களில் ஆயிரக்கணக்கானோர் அப்போது கிறிஸ்தவர்கள் ஆனார்கள். 1937-இல் கொல்லம் மறைமாவட்டத்திலிருந்து திருவனந்தபுரம் மறைமாவட்டம் பிரிந்தது. பாளையம் கோயில் அதன் பேராலயம் ஆனது. பேராலயம் என்பது ஆயரின் தலைமைக் கோயில். 2004-இல் இது உயர் மறைமாவட்டம் ஆனது. இதில் உள்ளவர்களில் பெரும்பகுதியினர் மீனவர்கள்.

கோயிலுக்கு அருகில் சந்தை இருக்கிறது. கடற்கரைப் பெண்கள் பல தலைமுறையாக மீன்கூடையைத் தலையில் சுமந்து பாளையம் சந்தைக்கு வந்திருக்கிறார்கள்.

கோயிலைக் கொடுத்தவர்கள்

நகரத்துக்கு வடக்கே தும்பா என்ற மீனவர் ஊர் இருக்கிறது. பூமியின் காந்த நடுக்கோடு அதன் அருகே செல்கிறது. வானத்தின் மேல் அடுக்குகளை ஆராய ராக்கெட் விடுவதற்கு அது பொருத்தமான இடம். விஞ்ஞானி விக்ரம் சாராபாய் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்.

ஆனால் அங்கே மக்கள் குடியிருந்தார்கள். புனித மகதலேனா மரியாள் கோயிலும் இருந்தது. விஞ்ஞானிகள் ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைராவிடம் பேசினார்கள். ஆயர் மக்களிடம் கேட்டார். மக்கள் சம்மதித்தார்கள். தங்கள் வீடுகளையும் கோயிலையும் கொடுத்துவிட்டு வேறு இடத்துக்குக் குடிபோனார்கள்.

அந்தக் கோயில் ராக்கெட் வேலை நடக்கும் இடமானது. ராக்கெட்டின் பாகத்தைச் சைக்கிளில் வைத்துக் கொண்டுபோன படம் உலகப் புகழ் பெற்றது. இளம் பொறியாளராக அப்துல் கலாம் அங்கே வேலை செய்தார். 1963 நவம்பர் 21-ஆம் தேதி மாலையில் முதல் ராக்கெட் மேலே போனது. அந்தக் கோயில் இப்போது விண்வெளி அருங்காட்சியகம். பாளையம் வருகிறவர்கள் அதையும் பார்க்கலாம்.

கடலும் கரையும்

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தது. திருவனந்தபுரம், குமரிக் கடற்கரைகளில் பல குடும்பங்கள் ஆண்களை இழந்தன. அந்தத் துக்கம் ஆறுவதற்குள் அடுத்த ஆண்டு ஆகஸ்டில் கேரளத்தில் பெருவெள்ளம் வந்தது. மீனவர்கள் யாரும் கூப்பிடும்வரை காத்திருக்கவில்லை. படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு செங்ஙன்னூர் போன்ற ஊர்களுக்குப் போனார்கள். கேரள மீனவர்கள் அந்த வெள்ளத்தில் பல்லாயிரம் உயிர்களைக் காப்பாற்றினார்கள்.

இன்று இந்த மக்களின் கரையே குறைந்து வருகிறது. வலியதுறை என்றால் பெரிய துறை. முன்பு திருவனந்தபுரத்தின் துறைமுகம் அதுதான். 1947-இல் ஒரு கப்பல் மோதிப் பழைய கடல்பாலம் உடைந்தது. 1956-இல் புதுப்பாலம் கட்டினார்கள். 2021-இல் கடல் சீற்றத்தில் அந்தப் பாலம் சாய்ந்தது. 2024-இல் அது இரண்டாக முறிந்தது. கரையோர வீடுகள் பல வரிசையாகக் கடலுக்குள் போயின. வீடு இழந்த குடும்பங்கள் பள்ளிக்கூடத்திலும் கிடங்கிலும் தங்க வேண்டி வந்தது.

நாட்டுக்காக வீட்டைக் கொடுத்தவர்கள் இவர்கள். வெள்ளத்தில் பிறர் உயிரைக் காத்தவர்கள் இவர்கள். இவர்களுக்குக் கரையில் உறுதியான வீடு வேண்டும். பாளையம் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கிறவர்கள் வலியதுறைக் கரைக்கும் ஒருமுறை போய்வர வேண்டும். அங்கிருந்து சில கிலோமீட்டர் தூரம்தான்.

யோசித்துப் பேசுங்கள்

1. கூர்மையான வளைவினால் என்ன நன்மை?
2. பாளையத்தில் அருகருகே உள்ள மூன்று வழிபாட்டு இடங்கள் எவை?
3. தும்பா மக்கள் ஏன் தங்கள் கோயிலைக் கொடுத்தார்கள்?
4. உங்கள் ஊரில் பொதுக் காரியத்துக்கு நிலமோ வீடோ கொடுத்தவர்கள் உண்டா? அவர்கள் இன்று எப்படி இருக்கிறார்கள்?