பாதை எந்தக் கரைக்குப் போகிறது? மோட்டார் பலகையின் வண்ண விளக்கை நிரலால் ஆளும் வழி

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. குறுமண்வெளிக்கும் மண்டூருக்கும் நடுவே ஆட்களை ஏற்றிக்கொண்டு ‘பாதை’ எனும் மிதவை வாவியைக் கடக்கும். அதைப் போலவே இரு முனையும் ஒன்றாக அமைந்த சிறு மாதிரி ஒன்றைப் பாடசாலை விஞ்ஞானக் கண்காட்சிக்குச் செய்ய விரும்பும் மாணவருக்கு ஒரு கேள்வி எழும். மாதிரி இப்போது எந்தக் கரையை நோக்கிப் போகிறது என்பது பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்?

ஒரேயொரு வண்ண எல்ஈடி அதைச் சொல்லிவிடும். ஆனால் விளக்கின் நிறமும் மோட்டாரின் ஓட்டமும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். இந்த வழிகாட்டி முழுவதும் அதற்காகத்தான்.

1. பலகையைத் தெரிந்துகொள்ளுதல்

இங்கே எடுத்துக்கொள்வது இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரத்து நிறுவனமான பிமோரோனியின் ‘மோட்டார் 2040’ பலகை. ராஸ்பெரி பை நிறுவனம் 2021இல் வெளியிட்ட ஆர்பி2040 சில்லு இதில் உண்டு. நான்கு சிறு மோட்டார்களை ஓட்டலாம். நிரலால் நிறம் மாற்றக்கூடிய விளக்கு ஒன்று 18ஆம் இலக்க முனையோடு ஏற்கெனவே இணைக்கப்பட்டிருக்கிறது.

பலரிடம் இருப்பது ஆர்டுயினோவும் எல்298என் பலகையும்தான். எல்298என்னில் எரியும் சிறு விளக்கு மின்சாரம் வருவதை மட்டுமே காட்டும், நிரலுக்குக் கட்டுப்படாது. அவர்கள் டபிள்யூஎஸ்2812 வகை விளக்கு ஒன்றைத் தனியாகச் சேர்க்க வேண்டும். 5 வோல்ற், புவி, தரவு என மூன்று வயர்கள். தரவு வயரில் 300 முதல் 500 ஓம் வரையான தடையி ஒன்று. விளக்கு, ஆர்டுயினோ, மோட்டார் பலகை மூன்றின் புவி முனைகளும் ஒன்றாகச் சேர்ந்திருக்க வேண்டும். இதை மறந்தால் விளக்கு கண்டபடி நிறம் மாறும்.

2. விளக்கு நிறத்தை எப்படிப் புரிந்துகொள்கிறது

டபிள்யூஎஸ்2812க்குள் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எல்ஈடிகளும் அவற்றை ஆளும் மிகச் சிறிய சில்லும் இருக்கின்றன. ஒவ்வொரு நிறத்துக்கும் 0 முதல் 255 வரை ஓர் எண். மொத்தம் 24 பிட்கள். ஒரு பிட் போய்ச்சேர 1.25 மைக்ரோசெக்கன் ஆகும். 0 என்றால் மின்னழுத்தம் சுமார் 0.4 மைக்ரோசெக்கன் உயர்ந்து நிற்கும். 1 என்றால் சுமார் 0.8 மைக்ரோசெக்கன்.

இவ்வளவு நுண்ணிய நேரக்கணக்கை நிரல் எழுதுபவர் பார்க்க வேண்டியதில்லை. ஆர்பி2040இல் ‘பிஐஓ’ எனும் தனிப் பகுதி அதைக் கவனித்துக்கொள்ளும். ஆர்டுயினோவில் அடாஃப்ரூட்டின் நியோபிக்சல் நூலகம் அந்த வேலையைச் செய்யும்.

3. மென்பொருளை ஏற்றுதல்

பிமோரோனி வெளியிடும் மைக்ரோபைத்தன் கோப்பைக் கணினியில் இறக்கிக்கொள்ள வேண்டும். பலகையில் ‘பூட்’ பொத்தானை அழுத்திப் பிடித்தபடி ‘ரீசெட்’டை ஒருமுறை தட்டினால், பலகை ஒரு பென் டிரைவ் போலக் கணினியில் தோன்றும். கோப்பை அதற்குள் இழுத்துப் போட்டால் போதும். நிரல் எழுத ‘தானி’ எனும் இலவச மென்பொருள் வசதியானது.

4. முதலில் விளக்கு மட்டும்

மோட்டாரை இணைக்காமல் யூஎஸ்பி வயரை மட்டும் செருகித் தொடங்குவது நல்லது. பிழை வந்தால் தேடவேண்டிய இடம் குறையும். ‘பிளாஸ்மா’ நூலகத்திலிருந்து விளக்கை உருவாக்கும்போது நான்கு விவரங்கள் கொடுக்க வேண்டும்: விளக்கின் எண்ணிக்கை 1, பிஐஓ 1, நிலைப்பொறி 0, முனை 18. பிஐஓ 0ஐ மோட்டாரின் சுழற்சியை எண்ணும் என்கோடருக்கு விட்டுவைக்கலாம்.

பிறகு (60, 0, 0) கொடுத்துப் பார்க்க வேண்டும். சிவப்பு எரிய வேண்டும். தனியாகச் சேர்த்த விளக்கில் பச்சை எரிந்தால் பழுதென்று எண்ண வேண்டாம். டபிள்யூஎஸ்2812 பச்சை, சிவப்பு, நீலம் என்ற வரிசையில் தரவைப் பெறுவது. நூலகத்தில் நிற வரிசையை மாற்றினால் சரியாகிவிடும். 255 கண்ணைக் கூசவைக்கும். வகுப்பறைக்கு 60 தாராளம்.

5. மோட்டாரையும் விளக்கையும் ஒரே தொழிற்பாட்டில் கட்டுதல்

நிரலில் ஓரிடத்தில் மோட்டாருக்கும் வேறோரிடத்தில் விளக்குக்கும் கட்டளை எழுதினால், ஒருநாள் ஒன்றை மாற்றி மற்றதை மறந்துவிடுவோம். அதனால் இரண்டும் ஒரே தொழிற்பாட்டுக்குள் இருக்க வேண்டும்:

ஓட்டு (வேகம்):
– மோட்டாருக்கு வேகத்தைக் கொடு
– வேகம் 0ஐ விடக் கூட: விளக்கு (0, 0, 60)
– வேகம் 0ஐ விடக் குறைய: விளக்கு (60, 20, 0)
– வேகம் 0: விளக்கு (8, 8, 8)

வேகம் –1 முதல் +1 வரை. படுவான்கரைக்கு நீலம், எழுவான்கரைக்குச் செம்மஞ்சள், நின்றால் மங்கிய வெள்ளை. சிவப்பையும் பச்சையையும் தவிர்த்ததற்குக் காரணம் உண்டு. 1972ஆம் ஆண்டின் சர்வதேசக் கடல் விதிகளில் அவை கலத்தின் இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் குறிப்பவை. மேலும் அந்த இரண்டையும் பிரித்தறிய முடியாதவர்களும் கண்காட்சிக்கு வருவார்கள்.

6. விளக்கு உண்மையைச் சொல்ல வேண்டும்

இதுவரை விளக்கு காட்டுவது நாம் இட்ட கட்டளையை மட்டுமே. வாவியோரத்தில் ஆற்றுவாழை வேர் விசிறியில் சுற்றிக்கொண்டால் மோட்டார் நின்றுவிடும். விளக்கோ நீலமாகவே எரியும். சுழலாத மோட்டார் அதிக மின்னோட்டத்தை இழுத்துச் சூடாகும்.

இங்கேதான் என்கோடர் கைகொடுக்கும். செக்கனுக்குப் பத்துத் தடவை அதன் எண்ணிக்கையைப் படிக்க வேண்டும். வேகம் கொடுத்தும் அரைச் செக்கனாக எண்ணிக்கை மாறவில்லையென்றால் மோட்டாரை நிறுத்திவிட்டுச் சிவப்பை விட்டுவிட்டு எரியவைக்க வேண்டும். செம்மஞ்சளோடு குழம்பாதிருக்க இந்தச் சிமிட்டல் அவசியம். சோதித்துப் பார்க்க, மெதுவான வேகத்தில் விசிறியின் அச்சை விரலால் பிடித்தால் போதும்.

7. தண்ணீரில் விடுமுன்

நிரலை ‘மெயின்’ என்ற பெயரில் பலகையிலேயே சேமித்தால் கணினி இல்லாமல் பற்றரியிலேயே இயங்கும். நான்கு ஏஏ பற்றரிகள் தரும் 6 வோல்ற் சிறு கியர் மோட்டாருக்கு ஏற்றது.

வெயிலில் விளக்கு மங்கித் தெரியும். எண்களை மூன்று மடங்காக்கி, விளக்கைச் சுற்றிக் கறுப்புக் காகிதம் ஒட்டினால் நிறம் துலங்கும். வாவி நீரில் உப்பு உண்டு. பலகையையும் பற்றரியையும் இறுக மூடும் ஒளிபுகும் பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து, வயர் வெளிவரும் துளையைச் சிலிக்கன் பசையால் அடைக்க வேண்டும். ஓட்டம் முடிந்ததும் விசிறியையும் அச்சையும் கிணற்று நீரில் கழுவித் துடைத்து, பற்றரியைக் கழற்றி வைத்தால் அடுத்த கண்காட்சிக்கும் அதே மோட்டார் உதவும்.