பனிக்கால நியூயார்க்: பயணத் திட்டமும் பெட்டி கட்டுதலும்

நியூயார்க் நகரில் சனவரி மாதத்துப் பகல் வெப்பநிலை சராசரியாக 4 டிகிரி செல்சியஸ் அளவிலும், இரவு வெப்பநிலை மைனஸ் 3 டிகிரியை ஒட்டியும் இருக்கும். ஆகவே, வட கனடாவின் குளிரோடு ஒப்பிட்டால் அதைக் கடுங்குளிர் என்று கொள்ள இயலாது. ஆயினும், தமிழ்நாட்டிலிருந்து பனிக்காலத்தில் அங்குச் செல்வோர் பெட்டி கட்டுவதில் இரண்டு தவறுகள் திரும்பத் திரும்பக் காணப்படுகின்றன. ஒரு சாரார் கொடைக்கானலுக்கு வாங்கிய ஸ்வெட்டரே போதும் என்று புறப்படுகின்றனர். மறு சாரார் துருவப் பயணத்துக்கு உரிய கனத்தில் ஒரே ஒரு கோட்டை வாங்கிக்கொண்டு, உள்ளே அரைக்கைப் பருத்திச் சட்டையோடு இறங்குகின்றனர். முதல் தவற்றை ஒரே மாலையில் கடைக்குச் சென்று திருத்திக்கொள்ளலாம். இரண்டாவது தவறு பயணம் முழுவதும் உடன்வருவது. காரணம், மாநகரத்தைச் சுற்றிப் பார்ப்பவர் மலையேறுபவரைப் போல நாள் முழுவதும் குளிரில் இருப்பதில்லை. தெரு, சுரங்க ரயில், அருங்காட்சியகம், உணவகம், மீண்டும் தெரு என்று ஒரே நாளில் பலமுறை குளிருக்கும் வெப்பத்துக்கும் இடையே மாறிக்கொண்டே இருக்கிறார். பெட்டியில் எதை வைப்பது, நாளை எப்படிப் பகுப்பது என்னும் இரண்டு வினாக்களுக்கும் விடை இந்த மாற்றத்திலிருந்தே தொடங்க வேண்டும்.

உள்வெப்பத்தின் அளவை வெளியூரார் பெரும்பாலும் குறைத்தே மதிப்பிடுகின்றனர். நகரச் சட்டப்படி அக்டோபர் 1 முதல் மே 31 வரையிலான காலம் வெப்பமூட்டும் பருவம் எனப்படுகிறது. அப்பருவத்தில் வெளி வெப்பநிலை 55 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு, அதாவது ஏறத்தாழ 13 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கினால், குடியிருப்புக் கட்டட உரிமையாளர் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை அறைகளைக் குறைந்தது 20 டிகிரி செல்சியசில் வைத்திருக்க வேண்டும். இது கீழ்வரம்புதான். பழைய கட்டடங்களில் கொதிகலனிலிருந்து வரும் நீராவி, ரேடியேட்டர் எனப்படும் இரும்புக் குழாய்த் தொகுதிக்குள் பாய்ந்து அறையைச் சூடாக்குகிறது. அதைக் கூட்டவும் குறைக்கவும் அறையில் இருப்பவருக்குப் பல இடங்களில் வழி கிடையாது என்பதால், பிப்ரவரி இரவில் சன்னலைத் திறந்துவைத்து உறங்கும் விந்தையை அந்நகரில் சாதாரணமாகக் காணலாம். சுரங்க ரயிலின் பெட்டிகளும் சூடேற்றப்பட்டவையே. கனத்த கோட்டோடு கூட்ட நெரிசலில் இருபது நிமிடம் நின்றவர் முதுகில் வியர்வையோடு இறங்குகிறார். படியேறித் தெருவுக்கு வந்ததும் அந்த ஈரம் உடல் வெப்பத்தை வேகமாக உறிஞ்சிவிடுகிறது. பலரும் குளிரின் மீது சுமத்தும் நடுக்கத்தில் பெரும்பங்கு இந்த வியர்வையால் வருவது.

ஆகவே குளிர்நாட்டார் கையாளும் அடுக்குடை முறை, அதாவது ஒரே கனத்த உடைக்கு மாற்றாக மெல்லிய உடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அணியும் முறை, மாநகரப் பயணிக்கு இன்றியமையாதது. உடலை ஒட்டிய முதல் அடுக்கின் வேலை வியர்வையைத் தோலிலிருந்து அகற்றுவது. கடைகளில் தெர்மல் என்ற பெயரில் விற்கப்படும் மெல்லிய உள்ளாடை இதற்குரியது. பருத்தி ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும் இயல்புடையதால் இவ்வடுக்குக்கு ஆகாது. மெரினோ கம்பளியோ பாலியஸ்டர் கலந்த துணியோ ஏற்றது. இரண்டாம் அடுக்கு, இழைகளுக்கிடையே காற்றைச் சிறைப்படுத்தி வெப்பத்தைக் காப்பது. ஃப்ளீஸ் மேற்சட்டையோ கம்பளி ஸ்வெட்டரோ போதும், ஆனால் அது முன்புறம் ஜிப் வைத்ததாக இருத்தல் நலம். தலைவழியாகக் கழற்ற வேண்டிய ஸ்வெட்டரை ரயில் நெரிசலில் யாரும் கழற்றுவதில்லை. மூன்றாவது அடுக்கான கோட் காற்றையும் ஈரத்தையும் தடுப்பது. தொடையின் பாதி வரை நீண்டு, தலைமூடியும் உட்பையும் கொண்டிருந்தால் நன்று. வாத்தின் இறகுகளுக்கு அடியில் உள்ள மென்தூவியை அடைத்த டவுன் கோட் எடையில் மிகக் குறைவு, வெப்பத்தில் மிகுதி. ஆனால் நனைந்தால் தூவி ஒட்டிக்கொண்டு பயனற்றுப்போவதால், வெளித்துணி நீர்புகாததா என்று பார்த்தே வாங்க வேண்டும். தெர்மல் மூன்று இணை இருந்தால் எத்தனை நாள் பயணத்துக்கும் போதும். மேற்சொன்ன அறைவெப்பத்தில் இரவு துவைத்துப்போட்டது விடிவதற்குள் உலர்ந்துவிடும்.

வெப்பமானி காட்டும் எண்ணைவிடக் காற்றே நடப்பவரை அதிகம் வருத்துகிறது. உடலைச் சுற்றியுள்ள மெல்லிய வெப்பக் காற்றுப் படலத்தை வீசும் காற்று அகற்றிவிடுவதால், தோல் உணரும் குளிர் உண்மை வெப்பநிலையைவிட மிகுதியாகிறது. இதைக் கணக்கிட்டுச் சொல்லும் எண்ணைக் காற்றுக்குளிர் அளவு என்பர். மைனஸ் 5 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், இந்த அளவு ஏறத்தாழ மைனஸ் 13 ஆகிறது. எனவே வானிலைச் செயலியில் பார்க்க வேண்டியது இந்த எண்ணையே. மன்ஹாட்டன் தீவில் காற்றுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. 1811-ஆம் ஆண்டுத் திட்டப்படி அத்தீவின் தெருக்கள் கட்டம் கட்டமாக வகுக்கப்பட்டன: அவென்யூக்கள் தீவின் நீளவாக்கில் செல்ல, எண்ணிட்ட குறுக்குத் தெருக்கள் ஹட்சன் ஆற்றங்கரைக்கும் கிழக்கு ஆற்றங்கரைக்கும் இடையே நேர்கோடாகக் கிடக்கின்றன. பனிக்காலத்தில் மிகுதியாக வீசும் வடமேற்குக் காற்று ஹட்சனைக் கடந்து அக்குறுக்குத் தெருக்களில் நுழைந்து, இருபுறக் கட்டடங்களுக்கு நடுவே வேகம் கொள்கிறது. இதைத் தெரிந்துகொண்டால் நடைவழியை மாற்றி அமைக்கலாம்: நெடுநடையை அவென்யூக்களில் வைத்துக்கொண்டு, குறுக்குத் தெருக்களை மேற்கிலிருந்து கிழக்காகக் கடந்தால் காற்று முதுகில் படும். 1883-இல் திறக்கப்பட்ட புரூக்ளின் பாலத்தை, ரயிலில் மறுகரைக்குச் சென்று மன்ஹாட்டனை நோக்கி நடந்து கடக்க வேண்டும் என்று பயணக் கையேடுகள் பரிந்துரைக்கின்றன. வானளாவிகளின் காட்சி முகத்துக்கு நேரே விரிவதே காரணம். ஜூன் மாதத்துக்கு அது நல்ல அறிவுரை. சனவரியில் காட்சியோடு வடமேற்குக் காற்றும் முகத்துக்கு நேரே வருவதால், மன்ஹாட்டனிலிருந்து புறப்பட்டு, வேண்டிய இடத்தில் நின்று திரும்பிப் பார்த்துக்கொள்வதே அறிவுடைமை.

காலணியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பகலில் பனிப்பொழிவு நின்றால் நான்கு மணி நேரத்துக்குள் கட்டட உரிமையாளர் தம் வாசலை ஒட்டிய நடைபாதையைத் துப்புரவாக்க வேண்டும் என்பது நகர விதி. பெரும்பாலோர் அதைப் பின்பற்றுகின்றனர். ஆனால் அள்ளிய பனியும் சாலையிலிருந்து இயந்திரம் ஒதுக்கிய பனியும் தெருமுனைகளில் குவிந்துவிடுகின்றன. அதில் உப்பும் புகைக்கரியும் கலந்து, பாதி உருகி, நடைபாதை தாழ்ந்து சாலையோடு சேரும் இடத்தில் சாம்பல்நிறக் குழம்பாகத் தேங்குகிறது. மேற்பரப்பு கெட்டியான தரையைப் போலவே தோன்றுவதால் கால் வைத்த பிறகே அது கணுக்கால் ஆழம் என்பது தெரியவரும். சாலையைக் கடக்கும் ஒவ்வொரு முனையிலும் இது காத்திருக்கிறது என்பதால், வலைத்துணியால் ஆன ஓட்டக் காலணி இந்நகருக்கு ஆகாது. நீர்புகாத, கணுக்காலை மூடிய, அடிப்பகுதியில் ஆழ்ந்த வரிப்பள்ளங்கள் உள்ள பூட்ஸ் வேண்டும். அதைச் சென்னையிலேயே வாங்கினால், கம்பளிக் காலுறையை அணிந்தபடி கடையில் அளவு பார்க்க வேண்டும். இறுக்கமான காலணிக்குள் இரண்டு காலுறைகளைத் திணித்துக்கொண்டால், இரத்த ஓட்டம் தடைப்பட்டுக் கால் முன்னிலும் குளிர்ந்துபோகும். ஒரு தடித்த காலுறையும் விரல்களை அசைக்க இடமும் இருந்தால் போதும். தோல் பூட்ஸின் மீது படியும் வெள்ளை உப்புக் கறையை அன்றன்றே ஈரத் துணியால் துடைக்காவிட்டால் தோல் வெடித்துவிடும்.

சேலை உடுத்தும் பெண்கள் இடுப்பிலிருந்து கணுக்கால் வரை தெர்மல் லெக்கிங்ஸ் அணிந்து அதன்மேல் சேலை கட்டினால் குளிரை எளிதில் தாங்கலாம். ஆனால் கரை இக்குழம்பில் தோய்ந்துவிடும் என்பதால், பனி விழுந்த மறுநாள் சல்வாரோ பேன்ட்டோ ஏற்றது. முதியோர் விரும்பும் மங்கி கேப்பைப் பிள்ளைகள் கேலி செய்வதுண்டு. காதையும் கழுத்தையும் ஒரே உடையில் மூடும் அதற்கு நிகரான பொருள் எந்த நாகரிகக் கடையிலும் இல்லை என்பதால், கேலியைப் பொருட்படுத்தாமல் எடுத்துச் செல்லலாம். 1977-இல் குடமுழுக்கு நடைபெற்ற குயின்ஸ் ஃபிளஷிங் பகுதியின் கணபதி கோவிலுக்கும், அதன் கீழ்த்தளத்தில் தோசை கிடைக்கும் உணவகத்துக்கும் தமிழர் பலர் செல்வதால் ஒன்றைக் குறிப்பிட வேண்டும்: முழங்கால் வரை கயிறு கட்டும் பூட்ஸை வாசலில் கழற்றி மாட்டுவதற்குள் பொறுமை தீர்ந்துவிடும். பக்கவாட்டில் ஜிப் உள்ளதும், உடன் உலர்ந்த மாற்றுக் காலுறை ஒன்றும் அங்கு உதவும்.

சிறு பொருள்களில் மூன்று தனியே கவனிக்கத்தக்கவை. கைப்பேசியின் லித்தியம் மின்கலம் கடுங்குளிரில் மின்சாரத்தை முழுமையாகத் தர இயலாமல், பாதி மின்னேற்றம் இருக்கும்போதே அணைந்துவிடக்கூடும். ஆகவே அதைக் கோட்டின் வெளிப்பையில் வைக்காமல் உடலை ஒட்டிய உட்பையில் வைக்க வேண்டும். துணைக்கு எடுத்துச் செல்லும் பவர் பேங்கை விமானத்தில் கைப்பையில் மட்டுமே வைக்க விதி இடம் தருகிறது. இரண்டாவது, கண்ணாடி அணிவோருக்கு உள்ளே நுழைந்ததும் பார்வை மறைந்துபோவது. குளிர்ந்த பரப்பில் அறையின் நீராவி படிவதால் ஏற்படும் இது ஓரிரு நிமிடத்தில் விலகும், ஆனால் கேமராவுக்கு இது கேடு என்பதால், பையை மூடியபடியே வைத்து அறைவெப்பத்துக்கு வந்தபின் திறக்க வேண்டும். மூன்றாவது தேங்காய் எண்ணெய். அது ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே உறையும் என்பதால், குறுகிய கழுத்துள்ள புட்டியில் கொண்டுசென்றால் ஒரு சொட்டும் வெளிவராது. அகன்ற வாயுள்ள டப்பாவே தகும். சூடேற்றிய காற்று மிக உலர்ந்தது என்பதால் உதட்டுக்கும் கைக்கும் எண்ணெயோ களிம்போ தினமும் தேவைப்படும். புதிய கறிவேப்பிலையை அமெரிக்க வேளாண் விதிகள் அனுமதிப்பதில்லை. பொடி, ஊறுகாய் போன்றவற்றைச் சுங்க அதிகாரியிடம் தெரிவித்துவிடுவது தொல்லையைத் தவிர்க்கும்.

நாளைப் பகுப்பதில் முதற்கணக்கு ஞாயிற்றினுடையது. டிசம்பரில் மாலை நான்கரை மணிக்கே கதிர் மறைந்துவிடுவதால், வெட்டவெளியில் பார்க்க வேண்டியவற்றைப் பகல் பதினொன்றிலிருந்து மூன்று மணிக்குள்ளும், கூரைக்கடியில் உள்ளவற்றை அதற்குப் பின்னும் வைக்க வேண்டும். மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் வெள்ளி, சனி ஆகிய நாள்களில் இரவு 9 மணி வரை திறந்திருக்கும், புதனன்று விடுமுறை. அங்குக் கோட்டை ஒப்படைக்கும் அறையைப் பயன்படுத்தத் தயங்குவோர், மூன்று கிலோ துணியைக் கையில் சுமந்தபடி எகிப்தியக் கூடத்தைச் சுற்றி வருகின்றனர். எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் 86-ஆம் தளத்து மேடை திறந்தவெளி என்பதால் காற்று கடுமையாக வீசும் நாளில் அதைத் தள்ளிவைக்கலாம்.

இரண்டாவது கணக்கு, ஏறத்தாழ ஒவ்வொரு மணி நேர நடைக்கும் ஒரு வெப்பமான நிறுத்தத்தைக் குறித்துக்கொள்வது. குளிரில் உடல் தோலுக்குச் செல்லும் இரத்தத்தைக் குறைத்து உள்ளுறுப்புகளுக்குத் திருப்புவதால் சிறுநீர் மிகுதியாகிறது. பொதுக் கழிப்பறை அரிதான இந்நகரில் இது வெறும் ஓய்வுப் பிரச்சினையாக நின்றுவிடுவதில்லை. 42-ஆம் தெருவில் 1911-இல் திறக்கப்பட்ட பொது நூலகமும் அதன் பின்னுள்ள பிரையன்ட் பூங்காவின் கழிப்பறையும் இவ்வகையில் விலைமதிப்பற்றவை. இவற்றோடு, 1961-ஆம் ஆண்டு மண்டல விதிகள் உருவாக்கிய தனியார்ப் பொதுவெளிகள் என்னும் வகையையும் தெரிந்திருக்க வேண்டும்: பொதுமக்கள் அமர இடம் விடும் கட்டட உரிமையாளருக்குக் கூடுதல் தளப்பரப்பைக் கட்ட நகரம் அனுமதி அளித்ததன் பயனாக, மேடிசன் அவென்யூ 590-ஆம் எண் கட்டடத்தின் மூங்கில் கூடம் போன்ற இடங்களில் எதையும் வாங்காமலேயே உட்காரலாம். தென்முனையில் ஃபுல்டன் ரயில் நிலையத்திலிருந்து உலக வர்த்தக மையத்தின் ஆக்குலஸ் வழியாகப் பனைமரங்கள் நிற்கும் விண்டர் கார்டன் கூடம் வரை தெருவுக்கு வராமலேயே நடந்துவிட முடியும்.

எதை இங்கிருந்து கொண்டுசெல்வது, எதை அங்கு வாங்குவது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. 110 டாலருக்குக் குறைந்த உடைக்கும் காலணிக்கும் அந்நகரில் விற்பனை வரி இல்லை. கிறிஸ்துமஸ் கழிந்ததும் பனிக்கால உடைகளின் விலையும் இறங்குகிறது. எனவே இரண்டாம் ஸ்வெட்டரையும் மாற்றுக் கையுறையையும் அங்கு வாங்கலாம். ஆனால் முதல் நாளுக்குரிய முழு உடை, அதாவது கோட், தொப்பி, கையுறை, ஓர் இணை தெர்மல் ஆகியவை, கைப்பையிலோ உடலிலோ இருக்க வேண்டும். சரக்கில் போட்ட பெட்டி ஒருநாள் தாமதித்தாலும், விமான நிலையத்திலிருந்து நகருக்கு வரும் வழியில் ஜமைக்கா நிலையத்தின் திறந்த நடைமேடையில் நிற்க வேண்டியிருக்கும்.

பெரும்பனி ஒன்று பயணத்தின் நடுவே குறுக்கிடுவது இயல்பு. 2016 சனவரி 23-ஆம் நாளைய புயலில் சென்ட்ரல் பூங்காவில் 27.5 அங்குலம், அதாவது ஏறத்தாழ 70 சென்டிமீட்டர் பனி பதிவாயிற்று. நண்பகலில் பேருந்துகளும் மாலை 4 மணிக்குத் தரைமேல் ஓடும் ரயில்களும் நிறுத்தப்பட்டன. ஆகவே தங்குமிடத்தைச் சுரங்கப் பாதையிலேயே ஓடும் ரயிலுக்கு நடந்துபோகும் தொலைவில் தேர்வதும், கட்டணம் திருப்பித் தரப்படும் வகையில் முன்பதிவு செய்வதும், மருந்தையும் ஒருநாள் உணவையும் அறையில் வைத்திருப்பதும் தேவை. புயல் எச்சரிக்கை வெளியானதும் பெரும்பாலான விமான நிறுவனங்கள் கூடுதல் கட்டணமின்றிப் பயண நாளை மாற்றிக்கொள்ள இடமளிப்பதால், விமானம் ரத்தாகும் வரை காத்திராமல் எச்சரிக்கை வந்த மாலையிலேயே மாற்றிக்கொள்வோருக்குத்தான் அடுத்த விமானத்தில் இருக்கை கிடைக்கிறது.