மித்திரன் காட்டிய வழி

கேள்வி: நண்பர்கள் சிலர் கூடி, கட்சிச் சார்பற்ற முற்போக்கு அரசியல் பத்திரிகை ஒன்று தொடங்க எண்ணுகிறோம். எங்களை மறுத்து வரும் கடிதங்களையும் வெளியிடத்தான் வேண்டுமா?
– ஒரு வாசகர், மேலூர்

பதில்: அவசியம் வெளியிட வேண்டும். எதிர்ப்பைச் சகிப்பவரின் எழுத்துக்கே எதிராளியும் மதிப்பளிப்பார். 1882-இல் சென்னையில் 'சுதேசமித்திர'னை வாரப் பத்திரிகையாகத் தொடங்கி, 1899-இல் அதைத் தினசரியாக்கிய ஜி. சுப்பிரமணிய ஐயர், 1889-இல் விதவையான தம் புதல்விக்கு மறுவிவாகம் செய்வித்து, பந்துக்களின் பகிஷ்காரத்தையும் சகித்தவராதலின், அவருடைய எழுத்துக்கு ஆசாரவாதிகளும் செவிசாய்க்க நேர்ந்தது. 1908-இல் ராஜத்துரோகக் குற்றத்துக்காகக் கைதாகியும் அந்தக் கௌரவம் குன்றவில்லை. அப்பத்திரிகையின் வரலாற்றில் உங்கள் மதுரைக்கும் பங்குண்டு: 1904-இல் சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதங்கள் தமிழாசிரியராக இருந்த பாரதியார், அங்கிருந்தே மித்திரனின் உதவியாசிரியராகச் சென்றார்.

ஆகவே, வசைச்சொல்லையும் ஜாதித் துவேஷத்தையும் தயக்கமின்றி விலக்குங்கள். ஆனால் காரணம் காட்டி மறுப்பவரின் கடிதத்தை, அது உங்கள் தலையங்கத்தையே தகர்ப்பதாயினும், ஒரு வரியும் குறைக்காமல் அச்சிடுங்கள். அபிப்பிராய பேதத்துக்கு இடமளிக்காத பத்திரிகையைச் சுதந்திரப் பத்திரிகை என்று நான் ஒப்பேன். அந்தச் சுதந்திரம் நிலைக்க, சந்தாவை முன்கூட்டியே வசூலித்துவிடுங்கள். தனவந்தர் ஒருவரை மட்டும் நம்பி இறங்காதீர்கள். முதல் இதழ் வெளிவந்ததும் எனக்கும் ஒரு பிரதி அனுப்பி வையுங்கள்.