கணக்கு வராத பையனா?

கேள்வி: எங்களுக்கு வெற்றிலைக் கொடிக்கால்தான் பிழைப்பு. மகன் பத்தாம் வகுப்பு. காலாண்டுத் தேர்வில் கணக்கில் 41 வாங்கியிருக்கிறான். "எனக்குக் கணக்கு வராதுப்பா, பதினொண்ணாவதுல கணக்கு இல்லாத குரூப் போதும்" என்கிறான். விட்டுவிடலாமா, வற்புறுத்தலாமா?
– வாசகர், பரமத்தி வேலூர்

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம், ஐயா. முதலில் அந்த விடைத்தாளை எடுத்து மகனோடு உட்காருங்கள். கொடி வாடினால் வேரைத் தோண்டிப் பார்ப்பீர்களே தவிர, இந்த மண்ணுக்கு வெற்றிலையே வராது என்று சொல்லமாட்டீர்கள்.

எந்த அடியில் சறுக்கினான்? இருபடிச் சமன்பாட்டில் தடுமாறும் பிள்ளைகள் பலருக்குச் சிக்கல் ஒன்பதாம் வகுப்புக் காரணிப்படுத்தலில் இருக்கும். சிலருக்குக் கழித்தல் குறியில். அந்த ஓர் இடத்தைச் சரிசெய்தால் பின்னால் வரும் பாடங்கள் பலவும் இளகிக் கொடுக்கும்.

உங்கள் பக்கத்து மாவட்டத்துப் பிள்ளை ஒருவரைச் சொல்கிறேன். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலுவுக்கு ஐந்து வயதில் பேருந்து ஏறி, வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியது. அந்தக் காலை மறைத்துக்கொண்டு அவர் ஒதுங்கவில்லை. உடற்கல்வி ஆசிரியர் உயரம் தாண்டச் சொன்னார். 14 வயதில், ஊனமில்லாதவர்களோடு போட்டியிட்டு இரண்டாம் இடம். 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம். டோக்கியோவில் 1.86 மீட்டர், வெள்ளி. அன்று மழை; ஊனமுற்ற காலில் போட்டிருந்த காலுறை நனைந்ததால் தாண்டச் சிரமமாயிற்று என்றார். தோற்ற இடத்தை எவ்வளவு துல்லியமாகச் சொல்கிறார் பாருங்கள்! 2024 பாரிஸில் வெண்கலம். உயரம் ஏறவில்லைதான், ஆனால் மூன்று பாராலிம்பிக்கிலும் பதக்கம்.

திறமை வளரக்கூடியது என்று நம்பும் பிள்ளை தவறைக் கண்டு ஒளியாது என்கிறார் உளவியலாளர் கரோல் டுவெக். வெறுமனே 'முயற்சி செய்' என்பது போதாது, வழியையும் மாற்றவேண்டும் என்று எச்சரித்தவரும் அவரே. ஆகவே, "இன்னும் நல்லாப் படி" என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். மாரியப்பனுக்கும் ஆசிரியரும் பயிற்சியாளரும் வேண்டியிருந்தது. கணக்கு ஆசிரியரை நேரில் பார்த்து, எங்கே விட்டுப்போயிருக்கிறது என்று கேளுங்கள். வடிவியல் வரைதலுக்கும் வரைபடத்துக்கும் தலா 8 மதிப்பெண். பையனுக்கு முதல் தெம்பு அங்கிருந்து கிடைக்கலாம்.

குரூப்பைப் பற்றி அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு பேசலாம். அப்போதும் வணிகவியல்தான் பிடிக்கிறது என்றால் சந்தோஷமாகச் சேர்த்துவிடுங்கள். கணக்குக்குப் பயந்து மட்டும் அவன் அங்கே போகவேண்டாம். அதுவரை, நாமக்கல் பக்கத்து ஹாஸ்டல் பள்ளியில் படிக்கும் உறவுக்காரப் பிள்ளைகளின் மதிப்பெண்ணை அவன் காதுபட வீட்டில் பேசாதீர்கள்.